ஜப்பான் சாரின் வயித்தெரிச்சல்

எங்கள் மில்லுக்கு வந்த இரண்டாவது வாரமே அவர் குடோனுக்குள் வந்து என் எதிரில் நின்று, வயிற்றில் கையை வைத்து, உள்ளே நெருப்பாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அன்று திங்கட்கிழமை. முந்தின நாள்தான் மானேஜர் அவரை உத்தமபாளையத்துக்குக் கூட்டிப்போய் பிரியாணி வாங்கிக் கொடுத்திருந்தார். காரம் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்து, லோடு ஏற்றுவதை அப்படியே விட்டுவிட்டு அவரை மில் டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனேன். நர்சம்மா ரோஸ் நிற மருந்தை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். அவர் குனிந்து வணங்கி வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டுத் தலையை ஆட்டினார். இது சாப்பாட்டால் வந்த நெருப்பு இல்லை, காலையில் ஊரிலிருந்து போன் வந்தது, என்னுடைய டீம் ஜெயித்துவிட்டது, நான் அங்கே இல்லை, அதனால் எரிகிறது, இதற்கு உங்கள் பாஷையில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்.

நர்சம்மா சிரிக்கவே இல்லை. "வயித்தெரிச்சல்" என்றார்.

அவர் அந்தச் சொல்லை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். தமிழில் அவர் முதலில் கற்றுக்கொண்ட சொல் அதுதான். வணக்கம், நன்றியெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

எங்கள் மில் சின்னமனூர் ரோட்டில் இருந்தது. அந்த வருடம் புதிதாக ஒரு ஷெட் கட்டி, ஜப்பானிலிருந்து நூற்பு மெஷின்கள் இறக்கினார்கள். அவற்றைப் பூட்டி ஓட்டி, பிரச்சினை வந்தால் சரிபார்க்க, மெஷின் செய்த கம்பெனியே அனுப்பிய ஆள் அவர். அவர் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. எல்லோருக்கும் அவர் ஜப்பான் சார். குள்ளம், ஆனால் பருத்திப் பேல் மாதிரி அகலமான உடம்பு. கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. காதுகள் இரண்டும் கசங்கிப் புடைத்துப்போயிருக்கும். அடிபட்ட காது என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் நானும் ஆட்டக்காரன்.

எங்கள் மில்லுக்கு ஒரு கபடி அணி இருந்தது. நான் அதில் ரைடர். அதனால்தான் எனக்கு மில்லில் வேலையே கிடைத்தது. பகலில் குடோன், சாயங்காலம் மைதானம். அவருடைய கதையும் அதேதான் என்று கொஞ்ச நாளில் தெரிந்தது. அவருடைய கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு ரக்பி அணி உண்டு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவது, ஓடுகிறவனை அமுக்கிப் போடுவது, எட்டு எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து ஒருவரையொருவர் தள்ளுவது. காலையில் தொழிற்சாலையில் லேத்தில் நின்றவர்கள் மதியத்துக்கு மேல் கம்பெனி பெயர் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஆடுவார்கள். அவர் முன்வரிசையில் நடு ஆள். கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறிகிற வேலையும் அவருக்குத்தான். இரண்டாம் நம்பர் சட்டை. பதினோரு வருடம் அந்தச் சட்டை அவருடையது.

அந்தப் பதினோரு வருடமும் அவர்கள் வட்டார லீக்கிலேயே கிடந்தார்கள். பிறகு நாடு முழுவதற்கும் ஒரே லீக் என்று புதிதாகத் தொடங்கினார்கள். அவருடைய டீமுக்கு அதில் இடம் கிடைத்தது. அதே நேரத்தில் அவருடைய முழங்கால் போயிற்று. கம்பெனி அவரைக் கைவிடவில்லை. சம்பளமும் குறையவில்லை. சட்டையை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, அவரை சர்வீஸ் பிரிவுக்கு மாற்றி, தேனிக்கு அனுப்பினார்கள்.

அதை அவர் என்னிடம் சொன்னபோது முகத்தில் எந்த வருத்தமும் காட்டவில்லை. வேறு எவனோ ஒருவனுடைய கதையைச் சொல்வது மாதிரி சொன்னார். கடைசியில் மட்டும் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

தமிழை அவர் தொழிலாளிகளிடம்தான் கற்றார். அதனால் எங்கள் பேச்சு அப்படியே வந்துவிட்டது. வந்தாக, போனாக என்பார். ஷிப்டு ஆட்கள் சொல்லிக் கொடுத்து எல்லோரையும் மாப்ள என்பார். ஒருநாள் முதலாளியையே மாப்ள என்று கூப்பிட்டுவிட, முதலாளி ஒரு நிமிடம் விழித்துவிட்டுச் சிரித்தார்.

திங்கட்கிழமைகளில் ஆபீசுக்கு ஜப்பானிலிருந்து போன் வரும். கூட ஆடிய பழைய சிநேகிதர் ஒருவர் முந்தின நாள் ஆட்டத்தின் விவரம் சொல்வார். டீம் ஜெயித்திருந்தால் ஜப்பான் சார் அன்று முழுவதும் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரிடமும் பேச மாட்டார். தோற்றிருந்தால் சாயங்காலம் ஷிப்டு முடிகிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு புரோட்டாக் கடைக்குப் போவார். இது பழகிப்போய், கடல் கடந்து எங்கேயோ இருக்கிற ஒரு டீம் தோற்க வேண்டும் என்று எங்கள் ஸ்பின்னிங் செக்ஷன் முழுக்க வேண்டிக்கொண்டது.

அதற்காக அவர் அந்த டீமை வெறுத்தார் என்று சொல்ல முடியாது. யார் தப்பாக ஒரு வார்த்தை சொன்னாலும் கண் சிவந்துவிடும். தோற்ற அன்று எல்லோருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் மட்டும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்.

பொறாமையை அவர் ஒளிக்கவில்லை. அவரிடம் எங்களால் பழகவே முடியாத குணம் அதுதான். கேன்டீன்காரர் நின்றுகொண்டே தூங்குவார். அவரிடம் போய், உங்கள் தூக்கத்தைப் பார்த்தால் வயித்தெரிச்சலாக இருக்கிறது என்பார். புதுமாப்பிள்ளையிடம் சொன்னார். புது பைக் வாங்கியவனிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சந்தோஷமாகக் கையைக் குலுக்குவார். கேட்டவர்களுக்குத்தான் சங்கடம். பைக் வாங்கியவன் அன்றே எலுமிச்சம்பழம் வாங்கிக் கட்டினான். எங்கள் பக்கத்தில் ஒருவனுடைய கண் பட்டுவிட்டதாகச் சந்தேகப்படுவார்கள். கண் போட்டவனே வந்து, நான்தான் போட்டேன் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

என் தாய்மாமாவுக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜப்பான் சாரை அங்கே கூட்டிப் போனேன். பந்தல் முழுக்கக் காய். கருத்துத் திரண்டு, அறுப்புக்கு இன்னும் சில நாள்தான். பந்தலுக்கு அடியில் குனிந்து குனிந்து நடந்து வந்தவர் மாமாவின் எதிரில் நின்று, தன் அப்பாவுக்கும் ஊரில் பழத்தோட்டம் இருந்ததாகவும் அதை விற்றுவிட்டதாகவும் சொல்லிவிட்டு, வழக்கம்போல வயிற்றில் கையை வைத்தார்.

அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த மனுசனை ஏன்டா இங்கன கூட்டியாந்த என்று பல்லைக் கடித்தாள். நாங்கள் கிளம்புவதற்குள் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டாள். அந்த வாரமே மழை பிடித்தது. பழம் எல்லாம் வெடித்து, பந்தலிலேயே அழுகிச் சொட்டியது.

நான் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மில்லில் வேறு யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள், அவருடைய கண்ணால்தான் போயிற்று என்றும் சேர்த்து. மறுநாள் அவர் லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறித் தனியாகவே சுருளிப்பட்டிக்குப் போயிருக்கிறார். நான் விஷயம் தெரிந்து ஓடியபோது, பனியனோடு பந்தலுக்கு அடியில் நின்று, அழுகிய குலைகளை வெட்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். முழங்காலை மடக்க முடியாமல் ஒரு காலை நீட்டியே நின்றார். யாரும் அவரிடம் பேசவில்லை. பொழுது சாயும்வரை வெட்டினார். மறுநாளும் போனார்.

இரண்டாம் நாள் அத்தைதான் அவருக்குச் சோறு போட்டாள். மாமா என்னிடம் சொன்னார்: "ஏலே, இந்தத் தோட்டத்தப் பாத்துட்டு எத்தன பேரு வயிறு எரிஞ்சிருப்பாக? ஒருத்தராச்சும் வாயத் தொறந்து சொன்னாகளா? பேசாம பாத்துட்டுப் போனவகதான அம்புட்டுப் பேரும். இவரு சொன்னாரு. சொல்லிட்டு வந்து கூடையுந் தூக்குறாரு. இவர நான் என்னன்னு வைய?"

அந்த மழைக்காலத்தில்தான் மில் கேட்டில் பருத்தி லாரி சேற்றில் புதைந்தது. டிராக்டர் வர நேரமாகும் என்றார்கள். ஜப்பான் சார் ஓடி வந்து, குடோன் ஆட்களில் ஏழு பேரைப் பிடித்து, மூன்று வரிசையாக, தோளில் கைபோட்டுக் குனிய வைத்தார். அவர் முன்வரிசையில் நடுவில். இடது பக்கம் நான். அவருடைய கை என் விலாவைச் சுற்றி இறுக்கியது. ஏதோ ஜப்பான் வார்த்தையில் குரல் கொடுத்தார். எல்லோரும் ஒரே மூச்சில் தள்ளினோம். மூன்றாவது தள்ளலில் லாரி மேலே ஏறிவிட்டது. சேற்றில் விழுந்து கிடந்தபடியே அவர் சிரித்தார். அவ்வளவு பெரிய சிரிப்பை அதற்கு முன் அவரிடம் நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து எந்த வேலையாக இருந்தாலும் என்னைத்தான் தேடுவார். எனக்கு அது ரொம்பப் பெருமையாக இருந்தது.

மார்கழியில் எங்கள் கபடி அணிக்கு கெங்குவார்பட்டியிலிருந்து ஒருவனை எடுத்தார்கள். இருபத்தொரு வயது. காலில் ஸ்பிரிங் வைத்தவன் மாதிரி. அவன் ரைடு போனால் எதிராளி கையில் காற்றுதான் சிக்கும். பொங்கல் போட்டிக்கு முதல் ரைடர் அவன்தான், நான் வெளியே உட்கார வேண்டும் என்று கோச் சொன்னார். நான் சரி என்றேன். அவன் ஒவ்வொரு முறை பாயின்ட் எடுத்து வரும்போதும் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினேன். யாரும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று அத்தனை கவனமாக இருந்தேன். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது. தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பேன்.

ஜப்பான் சார் எங்கள் பயிற்சியைப் பார்க்க வருவார். ஒருநாள் பயிற்சி முடிந்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தபோது, அவர் நேராகப் புது ரைடரிடம் போனார்.

"நீ ரொம்ப நல்லா ஆடுற, மாப்ள" என்றார். பிறகு என்னைக் காட்டினார். "இவருக்கு ஒன்னப் பாத்து வயித்தெரிச்சல். எனக்குத் தெரியும். எனக்கும் ஊர்ல அப்பிடித்தான்."

யாரோ ஒருவன் அடக்கிக்கொண்டு சிரித்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். புது ரைடர் கால் கட்டைப் பிரிப்பது போல் குனிந்துகொண்டான்.

"சார், ஒங்களுக்கு இருந்தா ஒங்களோட வச்சுக்கங்க. எனக்கு அப்பிடி ஒண்ணும் கெடையாது" என்றேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "இல்லயா?"

"இல்ல."

அவர் இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி வைத்து, எல்லோர் முன்னாலும் எனக்குக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அந்த வணக்கம் அவர் சொன்ன வார்த்தையைவிட அதிகமாக எரித்தது. அதன் பிறகு நான் அவரிடம் பேசவில்லை. எதிரில் வந்தால் வேறு வழியாகப் போனேன். லீக்கில் அவருடைய டீம் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தது என்றும், அவர் இப்போது புரோட்டாக் கடைக்குக்கூடக் கூட்டிப் போவதில்லை என்றும் மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

பொங்கலுக்கு மில் மூடியிருந்தது. எங்கள் அணி போட்டியில் இறுதி ஆட்டம்வரை போய்விட்டது. ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சின்னமனூரில். அன்று காலை எனக்குக் குடோன் காவல். பத்து மணி வாக்கில் அவர் வந்தார். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். அவருடைய டீமுக்கு அன்றுதான் கடைசி ஆட்டம். தோற்றால் அந்த லீக்கை விட்டே கீழே இறங்க வேண்டும். சிநேகிதர் மைதானத்திலிருந்து போனில் சொல்லப்போகிறார்.

"தனியா கேக்க முடியல. வாங்க" என்றார். என்னை மாப்ள என்று சொல்லவில்லை.

போனேன். ஆபீசில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. அவர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய கூட்டத்தின் இரைச்சல் எனக்கும் லேசாகக் கேட்டது. இடையிடையே அவர் எனக்குச் சொன்னார்: பின்னாடி இருக்கோம், பின்னாடி இருக்கோம், இன்னும் பின்னாடிதான். அவர் எது நடக்க வேண்டும் என்று நினைக்கிறார் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

"கடேசி" என்றார். "பந்து வெளிய போச்சு. அவன்தான் எறியணும். என் சட்டையப் போட்டவன்."

அவருடைய இரண்டு தோள்களும் தானாக மேலே போயின. பந்தை எறியப்போவது அவர்தான் என்பது போல.

"நேராப் போட்டான்" என்றார் மெதுவாக. "பிடிச்சாச்சு. தள்றாக. தள்றாக."

பிறகு அவர் கத்தியது ஜப்பான் பாஷை. ரிசீவரைப் போட்டுவிட்டு என்னை இடுப்போடு தூக்கிச் சுற்றினார். என் கால் பட்டுக் காலண்டர் கீழே விழுந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றிக்கொண்டே இருந்தவர் திடீரென்று என்னை இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெரிய உடம்பு முழுக்கக் குலுங்கியது. நான் காலண்டரை எடுத்து மாட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சிந்திவிட்டு, திரும்ப போன் போட்டு, அந்த இரண்டாம் நம்பர் சட்டைக்காரனையே கூப்பிடச் சொன்னார். அவன் வந்ததும் எழுந்து நின்று பேசினார். போனுக்கு முன்னால் இரண்டு முறை குனிந்தார். வைத்த பிறகு, என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா எறிஞ்ச. ஒன்னப் பாத்தா வயித்தெரிச்சலா இருக்குன்னு சொன்னேன்."

"அதுக்கு அவரு?"

"நன்றின்னான். அவனும் அழுதான்."

அன்று சாயங்காலம் சின்னமனூரில், ஆட்டம் தொடங்குவதற்கு முன் நான் எங்கள் புது ரைடரிடம் போனேன். காலையில் பார்த்தது மனதில் இருந்தது. நானும் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று, என்னண்ணே என்றான். கணுக்கால் கட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோப்பையை அவன்தான் வாங்கிக் கொடுத்தான். நான் சத்தமாகக் கைதட்டினேன். கூட்டத்தில் ஜப்பான் சார் எங்கோ நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் பழையபடி ஆனோம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. மறுநாளே மாப்ள என்று கூப்பிட்டார், அவ்வளவுதான். அடுத்த வருடம் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். மதுரை விமான நிலையம்வரை நான்தான் போனேன். வழியில் என் மகனைப் பற்றிக் கேட்டார், மாமாவின் தோட்டத்தைப் பற்றிக் கேட்டார். அவரை அனுப்பிவிட்டு வந்த பிறகு சில நாள் குடோனில் யார் கூப்பிட்டாலும் எனக்கு எரிச்சலாக வந்தது. கெங்குவார்பட்டி ரைடர் ரயில்வேயில் வேலை கிடைத்துப் போய்விட்டான். மில் கபடி அணியும் கலைந்தது. நான் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர் ஆனேன்.

வருடப் பிறப்புக்கு அவர் போன் பண்ணுவார். ஒவ்வொரு வருடமும் தமிழ் கொஞ்சம் தேய்ந்துகொண்டே வந்தது. இரண்டாயிரத்து ஒன்பதில், ஆனிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியத்தில், வழக்கமில்லாமல் கூப்பிட்டார். கம்பெனிக்கு நஷ்டமாம். ரக்பி அணியைக் கலைத்துவிட்டார்களாம். மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள், ஆட்டக்காரர்களையெல்லாம் தொழிற்சாலைக்குள் அனுப்பிவிட்டார்கள் என்றார்.

எனக்கு மனசு கஷ்டமாகப் போயிற்று. அவரோ அழவில்லை. குரல் சாந்தமாகத்தான் இருந்தது.

"என் சட்டையப் போட்டவன் இருக்கான்ல? இப்ப எங்க செக்ஷன்தான். பக்கத்து மெஷின்" என்றார். "நல்ல மனுசன், மாப்ள. மத்தியானம் சேந்துதான் சாப்பிடுறோம். ஞாயித்துக்கெழம மீன் பிடிக்கப் போறோம். அவன்ட்ட எல்லாம் பேசலாம். அவனுக்கு எல்லாம் புரியும்."

"நல்லது, சார்" என்றேன்.

அவர் செய்வதைப் போலவே என் கை வயிற்றுக்குப் போயிற்று. முகம் தெரியாத ஒருவன் எங்கேயோ ஓர் ஆற்றங்கரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என் கண்முன் தெரிந்தது. போனில் காற்றின் இரைச்சல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"மாப்ள" என்றார்.

"ம்."

"அவனுக்குத் தமிழ் தெரியாது."